பனிக்குள் வந்த வெள்ளைக் குதிரை

கட்டுகஸ்தோட்டையில் நான் துணிக்கடை வைத்திருந்த காலம். மலைமேல் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, அவருடைய வெள்ளைக் குதிரையை வாங்கினேன். நிலவையே கயிறு கட்டிக் கூட்டிவந்த மாதிரி இருந்தது. ஆனால் லாயத்தில் அது புல்லைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள் ஆத்திரத்தில் சவுக்கால் இரண்டு அடி போட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் அதைப் பராமரித்த முத்தையா, அதைப் பார்ப்பதற்கென்றே மலையிலிருந்து நடந்து வந்தார்.

“அடிச்சீங்களா மொதலாளி?”

“சே, நான் ஏன் அடிக்கப் போறேன்?” என்றபடி தொப்பியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன். குதிரை நடுங்கிப்போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

முத்தையா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வைக்கோலை விரித்து என்னை உட்காரவைத்து, என் மடியில் கொஞ்சம் புல்லை வைத்தார். “கூப்பிடாதீங்க. அதுவா வரட்டும்” என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் மெல்ல லாயத்துக்குள் நுழைந்தது. குதிரை எது, பனி எது என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் போயிற்றோ, சூடான மூச்சு என் கையில் பட்டது. மடியிலிருந்த புல்லை அது மெல்லும் சத்தம் கேட்டது.

“அடிச்சேன்” என்றேன், கண்ணீரோடு.

“தெரியும் மொதலாளி” என்றார் முத்தையா.

குதிரை என்னை மன்னித்ததா, பசிக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. பொய் சொன்னவன் என்று தெரிந்தும் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த மனிதரைத்தான் அடிக்கடி நினைக்கிறேன்.