லெந்து நாட்களில் பாலக்

எங்கள் வீட்டில் எத்தனை டயட் வந்து போனாலும் பாலக் கீரை மட்டும் போகவே இல்லை. கீட்டோ என்று சோற்றை நிறுத்தினேன், பாலக் இருந்தது. வீகன் என்று பாலை நிறுத்தினேன், பாலக் இருந்தது. எல்லாம் என் இடுப்புக்காக. ஆனால் என் கணவரும் அதையேதான் சாப்பிட்டாக வேண்டும். இரண்டு சமையல் செய்ய நான் என்ன ஹோட்டலா நடத்துகிறேன்?

பிறகு அவருக்கு இதய வால்வு மாற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை. கீரை சாப்பிடலாம், ஆனால் வாராவாரம் ஒரே அளவு. திடீரென்று கூட்டினால் மாத்திரை வேலை செய்யாது என்றார் டாக்டர். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டு.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள், அதாவது நோன்புக் காலம், வந்தன. காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச்சில் பலரும் நாற்பது நாள் கறி தொட மாட்டோம். எனக்கு அதுவும் ஒரு டயட். ஆண்டவருக்கும் ஆச்சு, இடுப்புக்கும் ஆச்சு. காலையில் பாலக் ஜூஸ், மதியம் பாலக் கூட்டு, ராத்திரி பாலக் சப்பாத்தி. மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையையும் ஈஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

இரண்டாம் வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது அவர் தட்டைத் தள்ளினார்.

"ஏம்மா, கீரைய ஜாஸ்தி பண்ணாதீங்கன்னு டாக்டரு சொன்னாரே? ஒரு போன் போட்டு கேட்டுடலாமா?"

"கீரை தின்னு எவன் செத்தான்? மட்டனுக்கு நாக்கு அலையுது, அதுக்கு டாக்டர் ஒரு சாக்கு! ஆண்டவர் நாப்பது நாள் பட்டினி கிடந்தாரு. உங்களுக்குக் கீரை கசக்குதா?"

சர்ச் பெண்கள் சிரித்தார்கள். அவரும் அசடு வழியச் சிரித்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பி ஷூ மாட்டும்போது சரிந்து விழுந்தார். வலது கையும் பேச்சும் போயின.

"வால்வுல ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கு," என்றார் டாக்டர். "சாப்பாட்டுல ஏதாவது மாத்துனீங்களா?"

"இல்ல டாக்டர். எப்பவும் போலத்தான்."

அவர் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காது நன்றாகக் கேட்கும் அவருக்கு.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு அதே சர்ச் பெண்கள் பார்க்க வந்தார்கள். "எவ்ளோ நல்லா பாத்துக்குறீங்க சிஸ்டர்," என்றாள் ஒருத்தி. அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல முயன்றார், சத்தம் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது, பாவி எனக்கு. திறந்திருந்த அந்த வாயில் ஒரு ஸ்பூன் கஞ்சியை வைத்தேன்.