தரை டிக்கெட்டில் ஒரு கல்யாணம்

போன சனிக்கிழமை ஹாம்பர்க்கில் ஒரு நீச்சல்குளத்துக்குள் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நீச்சல் உடையில் இல்லை. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் கேமரா. குளத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நீல ஓடு பதித்த தரையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் ஆள் முங்கக்கூடிய ஆழமாக இருந்த பக்கத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நின்றார்கள். ஷ்டான்டஸ்அம்ட் என்கிற பதிவு அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் நாலு வார்த்தை பேசினார். இவர் ‘யா’ என்று ஆமோதித்தார், அவர் ‘யா’ என்றார், மோதிரம் மாறியது, கல்யாணம் முடிந்தது. யாரோ ஒருவர் தும்மினார். அன்றைக்குக் கேட்ட பெரிய சத்தம் அதுதான். இந்த ஊர் இளசுகளுக்குக் கல்யாண மண்டபம் என்றாலே வேப்பங்காய். தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் ஏறி நின்று மோதிரம் மாற்றுவார்கள். ஓட்டத்தை நிறுத்திய டிராம் வண்டியில் மாற்றுவார்கள். ஒரு ஜோடி மீன்காட்சி சாலையில் மாற்றியது. பெண் கண் கலங்கிய நேரம் பார்த்து அவள் தலைக்குப் பின்னால் ஒரு சுறா வந்து நின்று வேடிக்கை பார்த்தது. இத்தனையையும் படம் பிடிப்பதுதான் எனக்குப் பிழைப்பு.

இங்கே கல்யாணப் படம் எடுப்பவர் கண்ணில் படக் கூடாது. அதுதான் தொழில் தர்மம். வந்ததும் தெரியக் கூடாது, போனதும் தெரியக் கூடாது. நம்மூரில் எப்படி என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? மேடையில் ஐயருக்கு அடுத்த அதிகாரம் போட்டோகிராபருக்குத்தான். சில சமயம் ஐயருக்கும் மேலே. தாலி கட்டும் நேரத்தில் பந்தலில் இருக்கும் சனம் பார்ப்பது மாப்பிள்ளையையும் இல்லை, பெண்ணையும் இல்லை, எங்கள் முதுகைத்தான். அந்தப் பழக்கத்தோடு வந்து நான் இங்கே எடுத்த முதல் கல்யாணத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. மாப்பிள்ளை மோதிரத்தைப் போடப்போன நேரம், வெளிச்சம் சரியில்லை என்று நான் ‘ஹால்ட்!’ என்று ஒரு சத்தம் கொடுத்தேன். நில் என்று அர்த்தம். நெல்லையில் இதைச் சொன்னால் மாப்பிள்ளை நின்று, சிரித்து, தலை சீவிக்கூட நிற்பான். இங்கே கூடமே உறைந்துபோயிற்று. பதிவு அம்மாள் புத்தகத்தை மூடிவிட்டு, இந்தத் திருமணத்துக்கு உங்களுக்கு என்ன ஆட்சேபம் என்று என்னைக் கேட்டார். பெண் மாப்பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சரியாக அதைத்தான் நான் படம் எடுக்கவில்லை.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். காலேஜ் முடித்ததும் திருநெல்வேலி டவுணில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். என் திறமைக்காக என்னைச் சேர்க்கவில்லை. மணமகள் அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது, எனக்குத் தடையில்லை, அவ்வளவுதான். சடை தைப்பதையும், சேலை மடிப்பு நிற்காமல் பெண்கள் பல்லைக் கடிப்பதையும் எடுத்து எடுத்துக் கை தேறினேன். பிறகு கல்யாணமாகி, கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவரோடு இங்கே வந்துவிட்டேன். வந்த பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களில் பாதிக்கு என்னால் போக முடியவில்லை. போன மீதியிலும் நம்ம பிள்ளைதானே, நாலு படம் எடுக்கட்டும் என்று என் தலையில் கட்டிவிடுவார்கள், நானும் சந்தோஷமாகத்தான் எடுப்பேன். ஆல்பத்தைப் புரட்டுகிற வேற்று ஆள் எங்கள் குடும்பத்தில் மகளே கிடையாது என்று நினைத்துக்கொள்வார்.

இந்த நிலைமையில்தான் என் ஒரே தம்பி கணேசனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் பெயர் பொன்செல்வி, டவுண்காரி. நிச்சயமான அன்றே தம்பி போனில் பிடித்துக்கொண்டான். “எக்கா, கெஞ்சிக் கேக்கேன். இங்கன எடுத்தா எல்லாவனும் பொம்ம மாதிரி நிக்கான். நீ அங்கன எடுக்க மாதிரி எடுத்துத் தா. பொன்செல்விகிட்ட வேற சொல்லிட்டேன்” என்றான். சரி என்றேன். அடுத்து அம்மா போனை வாங்கினாள். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் கூடப்பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு. அவனுக்குக் கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான்.

“ஏட்டி, நீ படம் பிடிக்க வாறியா, அக்காவா வாறியா? இப்பவே சொல்லிரு” என்றாள் அம்மா.

“ரெண்டாவும்தாம்மா வாறேன்.”

“ரெண்டு கைதான இருக்கு ஒனக்கு? இந்த ஆல்பத்துலயும் நீ இல்லன்னா பாத்துக்கோ.”

சித்தி மகளை முடிச்சுப் போடச் சொல்லலாமே என்று மெதுவாக ஆரம்பித்தேன். “செரி, நான் போன வைக்கேன்” என்றாள் அம்மா. நானே போடுகிறேன், படமும் எடுக்கிறேன், கவலைப்படாதே என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நல்ல முகூர்த்த நாள். டவுணிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் ஒரு மண்டபம் காலியில்லை. கடைசியில் பொன்செல்வியின் அப்பா ஒரு தியேட்டரைப் பிடித்துவிட்டார். படம் ஓடுவது நின்று பல வருஷமாகி, நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, விசேஷத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாட்ஸாப்பில் படம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹாம்பர்க்கில் என்றால் இந்த இடத்துக்கு ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள். எவ்வளவு அருமையான இடம் என்று நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. மண்டபம் கிடைக்காத கொடுமையை நான் ஆறுதல் சொல்லி மறைப்பதாக நினைத்து, “பரவால்லட்டி, நம்ம விதி” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

அந்த இடத்தில் மூன்றே மூன்று சிக்கல்கள். ஒன்று, தரை. திரையைப் பார்த்துச் சரிந்த தரையை யாரும் சமன்படுத்தவில்லை. கல்யாணத்தன்று பின்வாசலில் தாம்பூலப் பை கிழிந்து விழுந்த ஒரு தேங்காய், நிதானமாக உருண்டு, கூட்டத்தைத் தாண்டி வந்து ஐயர் காலடியில் நின்றது. அவர் அதை எடுத்துக் கலசத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். இரண்டு, பால்கனி. பெண் வீட்டார் முந்திப் போய் மேலே உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. “என்ன வே இது, பொண்ணு வீடு பால்கனியில, மாப்பிள்ள வீடு தரை டிக்கெட்டா?” என்று வேட்டியை மடித்துக் கட்டினார். மேலே ஃபேன் ஓடாது, உங்கள் சௌகரியத்துக்குத்தான் கீழே என்று சம்பந்தி கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னார். சித்தப்பா சோதிப்பதற்காக மேலே ஏறினார். நல்ல காற்று வந்ததால் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது, நம்ம சனம். தியேட்டருக்குள் வந்தால் வாய் சும்மா இருக்குமா? பெண் மேடைக்கு வந்தபோது பால்கனியிலிருந்து விசில் காதைக் கிழித்தது, பேப்பர் துண்டுகள் பறந்தன. பொன்செல்வி தலையைக் குனிந்துகொண்டே சிரித்தாள். அதைத் தரையில் உட்கார்ந்து, ஒருவர் கண்ணிலும் படாமல் எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே நல்ல படம் அதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

பெண் வீட்டார் அமர்த்தியிருந்த போட்டோகிராபர் இசக்கி அண்ணாச்சி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. “நீங்கதான் ஜெர்மன் பார்ட்டியாக்கா? நீங்க எடுங்க, நான் ஓரமா நிக்கேன்” என்றார். அவருடைய ஓரம் என்பது மேடைக்கு நடுவே இருந்தது. “மாப்பிள்ள, இங்கன பாருங்க! பொண்ணு, பைய நிமிருங்க! பெரியம்மா, அந்தப் பல்லு நல்லாருக்கு, மூடாதிய!” என்று விரட்டிக்கொண்டே இருந்தார். தூண் மறைவிலிருந்து நான் பிடிக்கப்போன இயல்பான முகங்களெல்லாம் அவர் சத்தத்தில் விறைத்து நின்றன. எனக்கு எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

திட்டம் எனக்குத் தெளிவாக இருந்தது. தம்பி முதல் முடிச்சைப் போடுவதை முன்னாலிருந்து எடுத்துவிட வேண்டியது, பாய்ந்து பெண்ணுக்குப் பின்னால் போய் மற்ற இரண்டைப் போட்டுவிட வேண்டியது. கெட்டிமேளம் முழங்கியது. மேடையின் ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். தம்பியின் விரல்கள் கயிற்றில் தடுமாறின. சின்னப் பிள்ளையில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் என்னிடம் வந்து நிற்பானே, அதே விரல்கள். எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். மேளச் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை. திடீரென்று கேமராவுக்குள் இருந்த அத்தனை முகங்களும் நேராக என்னைப் பார்த்தன. ஐயர், சம்பந்தி, பொன்செல்வி, அம்மா, எல்லாரும். பாழாய்ப்போன இசக்கி அண்ணாச்சி பழக்கிவிட்டார், யார் இவர்களைக் கேமராவைப் பார்க்கச் சொன்னது என்று பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் தம்பியின் முகம் கண்ணில் பட்டது. தாலிக்கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி, அழப்போகிறவன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அவர்கள் கேமராவைப் பார்க்கவில்லை. எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

“எக்கா, வா” என்றான். மேளத்தில் அது கேட்கவில்லை, உதட்டில் தெரிந்தது.

ஓடினேன். கேமராவைக் கீழே வைக்கத் தோன்றவில்லை, அது கழுத்தில் தொங்கியது. பெண்ணின் முதுகுப் பக்கம் குனிந்தால் அங்கே மாலை, சடை, மல்லிகை, குஞ்சம், எல்லாவற்றுக்கும் மேலே அட்சதை மழை. கண்ணில் வேறு தண்ணீர் திரண்டுவிட்டது. கைக்கு அகப்பட்ட மஞ்சள் நுனிகளைப் பிடித்து இறுக்கி ஒரு முடிச்சு, அதற்கு மேல் இன்னொரு முடிச்சு. பால்கனியில் விசில் பறந்தது. பெருமையோடு நிமிர்ந்தேன். என்னோடு சேர்ந்து பொன்செல்வியின் தலையும் பின்னால் வந்தது.

“யம்மா!” என்றாள் அவள். “மைனி, விட மாட்டியளோ?”

குனிந்து பார்த்த ஐயர்தான் கண்டுபிடித்தார். என் கேமராவின் கயிறு, கறுப்பாக உருண்டையாகப் பின்னிய கயிறு, இரண்டு மஞ்சள் முடிச்சுக்கும் நடுவே நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து என் தலையை உருவிக்கொண்டேன். கேமரா இப்போது புதுப்பெண்ணின் முதுகில் தொங்கியது. முடிச்சை அவிழ்க்கலாமா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். பெண்கள் கூட்டம் அவரைக் கடித்துத் தின்னாத குறை. போட்ட தாலியை அவிழ்ப்பதாவது! பூக்காரரிடமிருந்து கத்தரிக்கோல் வந்தது. “எந்தக் கயிறுன்னு பாத்து வெட்டுங்கய்யா!” என்று அம்மா மேடை அதிரக் கத்தினாள். கத்தினாளே தவிர, முகமெல்லாம் சிரிப்பு. அப்போது இசக்கி அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கினார்.

“வெட்டாதிய, வெட்டாதிய! எக்கா, அந்தக் கயிறப் பிடிச்சிட்டு அப்படியே நில்லுங்க. அம்மா, நீங்களும் உள்ள வாங்க. இங்கன பாருங்க. சிரிங்க!”

நின்றேன். ஒரு கையில் கேமராக் கயிறு, மறு கை பொன்செல்வி தோளில், பக்கத்தில் என் அம்மா. சிரிக்கச் சொன்னார், எனக்கு அழுகைதான் வந்தது. இத்தனை வருஷமாக நான் நிற்காமல் விட்ட இடம் இதுதான் என்று அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. மேடையில் எல்லாரும் பொம்மை மாதிரிதான் நின்றோம். நிற்கிற சுகம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆல்பத்தில் அந்தப் படத்தை அம்மா முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டாள். தம்பிகூட அதற்கு மறுப்பு சொல்லவில்லை.

கயிற்றை முடிச்சுக்கு இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டினார்கள். நடுத் துண்டு மட்டும் மஞ்சளுக்குள் மாட்டியபடி நின்றுவிட்டது, அதை உருவ முடியவில்லை. வீடியோ காலில் பொன்செல்வி அடிக்கடி திரும்பி உட்கார்ந்து பிடரியைக் காட்டுகிறாள். மஞ்சளில் குளித்துக் குளித்து அந்தக் கறுப்பும் ஒரு மாதிரிப் பழுப்பாகிவிட்டது. “உறுத்தலியா?” என்று கேட்டால், “கெடக்கட்டும் மைனி, நீங்க இங்கன இருக்க மாதிரி இருக்கு” என்கிறாள். தாலி பிரித்துக் கோர்க்கும்போது அது கழன்றுவிடும், அதற்கும் நாத்தனார் வந்தாக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள்.

மிச்ச நுனிகளை முடிந்துதான் இங்கே கேமராவை மாட்டிக்கொண்டு திரிகிறேன். கயிறு குட்டையாகிவிட்டதால் கேமரா வயிற்றில் தொங்காமல் நெஞ்சில் இடிக்கிறது. புதுசு வாங்க மனசு வரவில்லை. கல்யாணத்துக்கு வருகிற ஜெர்மன்காரர்கள் அந்த முரட்டு முடிச்சைப் பார்த்துவிட்டு, கயிற்றின் மீதி எங்கே என்று மரியாதையாக விசாரிக்கிறார்கள். ஊரில் ஒரு பெண்ணின் கழுத்தில் இருக்கிறது, நான்தான் இறுக்கிக் கட்டினேன் என்று உள்ளதைச் சொல்கிறேன். உடனே ‘எண்ட்ஷுல்டிகுங்’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றுவிடுகிறார்கள்.