சாவியை மறைத்து அனுப்பிய மாரிசெல்வி

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கம்பெனியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவில் சேர்ந்த புதிதில் இதைச் சொல்லாமல் யாரிடமும் பேச்சைத் தொடங்கியதில்லை. சிஸ்டம் ரூம் மாரிசெல்வியிடமும் சொன்னேன்.

"எங்க வீட்லயும் நாந்தான் மொத ஆளு. அதுக்கென்ன இப்பம்? பிரிண்டர்ல பேப்பர வைங்க" என்றார்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரகடத்தில் கார் சீட் செய்யும் எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலை. எந்த வண்டிக்கு எந்த நிறச் சீட் என்ற வரிசை, மறைமலை நகர் கார் கம்பெனியிலிருந்து விபிஎன் வழியாகத்தான் வரும். விபிஎன் என்றால் இன்டர்நெட்டுக்குள்ளேயே இரண்டு கம்பெனிகளுக்கு மட்டுமான தனிப்பாதை. ஜூனில் அதைப் போட்டதும் ஃபேக்ஸை நிறுத்திவிட்டார்கள். அன்று வரிசை வரவில்லை. லாரி காலியாக நின்றது.

அந்தப் பாதையைக் காக்கும் ஃபயர்வால் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மேனேஜர் சண்முகசுந்தரம் எலக்ட்ரீசியன் மோகனைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இன்னா சார் பண்ணேன்? பூஜைக்கு எல்லா மிஷினையும் ஆஃப் பண்ணோம், இதையும் பண்ணேன். பொட்டு வெச்சேன். இன்னிக்கு ஆன் பண்ணேன். பொட்டு வெச்சா பூடுமா?" என்றார் பக்கத்து ஊர் வடக்குப்பட்டுக்காரரான மோகன்.

மாரிசெல்வி பெட்டியை விற்ற கம்பெனியின் சென்னை ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தார். பெட்டியின் அமைப்புகள் எல்லாம் வரி வரியாக இருக்கும் கான்ஃபிக் ஃபைலை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள்.

"அப்படியே அனுப்பும்மா" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். அதுல பாஸ்வேர்டு மாதிரி ரகசியச் சாவி இருக்கும். அத மறைச்சிட்டுத்தான் அனுப்புவேன்."

"அங்க கார் பண்ற லைனே நிக்கப் போவுது, நீ சாவி பூட்டுன்னுக்கிட்டு! இன்னைக்கு மட்டும் அவன் லைன் நின்னுச்சு, இந்த ரூமை வெளி ஆளுங்ககிட்ட ஒப்படைச்சிடுவேன். அப்புறம் நீ ஊருக்குக் கிளம்பு."

மாரிசெல்வி ஃபைலைத் திறந்து சாவி இருக்கும் வரியைத் தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"மறைக்கதுக்கு சாவியே இல்ல சார். விபிஎன் வரி ஒண்ணுகூட இல்ல."

"அப்படின்னா?"

"ஜூன்ல போட்டத சேவ் பண்ணாம விட்டிருக்கேன். யூபிஎஸ்ல கரன்ட் இருந்த வரைக்கும் பெட்டி ஞாபகம் வச்சிருந்துச்சு. ஆஃப் பண்ணதும் போயிருச்சு. தப்பு எம்மேலதான். மோகன் அண்ணன ஏசாதீங்க."

தனக்கு எதிராக இவ்வளவு நிமிர்ந்து பேசும் ஆளை நான் பார்த்ததில்லை.

மாரிசெல்வி அதற்குள் மெயிலில், தான் அனுப்பியவற்றைத் துழாவிக்கொண்டிருந்தார். ஜூனில் விபிஎன் போட்டபோது ஒரு சந்தேகத்துக்காக இதே ஹெல்ப்லைனுக்கு ஃபைலை அனுப்பியிருக்கிறார். கிடைத்தது. எல்லா வரிகளும் அப்படியே இருந்தன. சாவி இருந்த இடத்தில் மட்டும் வரிசையாக எக்ஸ், எக்ஸ்.

"பாத்தியா, அன்னைக்கு மறைக்காம இருந்திருந்தா இப்ப உதவியிருக்கும்" என்றார் மேனேஜர்.

"சாவி கார் கம்பெனிக்காரங்ககிட்டயும் இருக்கும் சார். கேட்டா குடுப்பாங்க. ஊரெல்லாம் தெரிஞ்ச சாவிய வச்சிக்கிட்டு என்ன செய்ய?"

கார் கம்பெனியின் சிஸ்டம் ஆளுக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்லச் சாவியைத் தட்டினார். பழைய ஃபைலின் வரிகளைப் பெட்டிக்குள் ஏற்றினார். சற்று நேரத்தில் என் பிரிண்டர் கரகரவென்று வரிசையைத் துப்பியது. நான் லாரிக்கு ஓடினேன். அங்கே லைன் நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது மேனேஜர் அதே இடத்தில் நின்றிருந்தார். "சேவ் பண்ணிட்டியாம்மா?"

"மொத வேலையா அதான் சார் பண்ணேன்."

பொங்கலுக்கு முன்பே மாரிசெல்வியின் வேலை நிரந்தரமானது. அடுத்த ஆயுத பூஜைக்கு மோகன் சந்தனக் கிண்ணத்தோடு சிஸ்டம் ரூம் வாசலிலேயே நின்றார்.

"மேடம், பொட்டு வெச்சிக்கலாமா?"

"செத்த இருங்கண்ணே" என்று கீபோர்டைத் தட்டி முடித்து, "இப்பம் வைங்க. நல்லா பெருசாவே வைங்க" என்றார் மாரிசெல்வி.