காய்ந்த கதிரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் ஒருத்தி தன் உடம்பைத் தானே காவல் காத்துக்கொண்டிருந்தால் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

நான் நண்டுக் கொம்பனியில் வேலை செய்கிறேன். வங்காலையிலிருந்து காலையில் வான் வண்டியில் ஏற்றி, பாலம் தாண்டிக் கொண்டுபோய் இறக்குவார்கள். அங்கே எனக்குக் கழுவும் பகுதி. படகில் வந்த நண்டைத் தொட்டியில் கொட்டி, மண்ணும் பாசியும் போகக் கழுவி, கூடையில் அள்ளி அவிக்கிற இடத்துக்கு அனுப்பவேண்டும். முன்னுக்குப் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டினாலும் பின்பக்கம் முழுக்க நனைந்துதான் இருக்கும். கை விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப்போகும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அந்தப் பகுதியை விட்டு எப்போது தப்பலாம் என்று பார்த்திருப்பார்கள். சதை பிரிக்கும் மேசைக்கு ஒரு இடம் கிடைத்தால் கும்பிட்டுக்கொண்டு ஓடுவார்கள். நான் மட்டும் வருடக்கணக்காகத் தொட்டியடியிலேயே நின்றேன்.

"அவவுக்குத் தண்ணியில ஒரு பிரியம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எல்லாரும் நனைந்து நிற்கிற இடத்தில் ஒருத்தி கொஞ்சம் கூடுதலாக நனைந்திருப்பது தெரியாது. அவ்வளவுதான் காரணம்.

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு தொடங்கியது. தும்மினால் போகும். இருமினால் போகும். கூடையைத் தூக்கினால் போகும். யாராவது நல்ல பகிடி சொன்னால் அதற்கும் போகும் என்பதால் பகிடி சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். முதலில் சொட்டுத்தான். பிள்ளைகள் வளர வளர அதுவும் வளர்ந்தது. வீட்டுக்காரர் உடுத்த பழைய சாரத்தைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தத் துணிகள் உடனே காய்ந்துவிடும். மாரி தொடங்கினால்தான் வினை. வீட்டுக்குள் கட்டிய கயிற்றில், மற்றவர்களின் உடுப்புக்குப் பின்னால், அரை ஈரத்தோடு தொங்கும். மணக்கிறதா என்று நானே முகர்ந்து முகர்ந்து பார்த்து, கடைசியில் என் மூக்கிலேயே எனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்று.

வானில் சொப்பிங் பையை விரித்து அதன்மேல் இருப்பேன். கோயிலில் பக்கவாசலடியில் நிற்பேன். மடுத் திருநாளுக்குப் போவதையும் விட்டுவிட்டேன். அவ்வளவு சனத்துக்குள் கக்கூசுக்கு வரிசையில் நிற்க என்னால் முடியாது. மாதாவுக்கு என் நிலைமை விளங்கும். சனத்துக்கு விளங்காது. வேலைக்குப் போனால் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கமாட்டேன். மத்தியானச் சோற்றைக்கூடக் குடிக்காமலே விழுங்கிவிடுவேன். குடித்தால்தானே வரும் என்பது என் கணக்கு. ஒருவருக்கும் சொல்லவில்லை. கல்யாணம் கட்டியவருக்கும் சொல்லவில்லை. களைப்பாக இருந்தது. நோயைவிட அதை ஒளிப்பதுதான் ஆளைத் தின்றது.

தொட்டியடியில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் தாராபுரத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள். முக்காட்டுக்கு மேலேயே பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொண்டு, வாய் ஓயாமல் கதைப்பாள். வேலையில் கெட்டிக்காரி, ஆனால் கையில் தண்ணீர்க் குழாய் கிடைத்தால் சின்னப்பிள்ளைப் புத்தி. "மழை வருது அக்கா!" என்று சொல்லிக்கொண்டு என் இடுப்புக்குக் கீழே அடித்துவிடுவாள்.

"விசரி! கண் என்ன பிடரியிலயோ இருக்கு?" என்று கத்துவேன்.

அவள் பல்லைக் காட்டுவாள். அவ்வளவுதான்.

ஒருமுறை கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் புதிதாக வெளிர்நீல அங்கி. நிலத்தைத் துடைத்துக் காயவைத்து, தொட்டியடியில் வரிசையாக நிற்கவைத்தார்கள். அவர்கள் வாசலுக்குள் காலை வைக்கிற நேரம் பார்த்து எனக்கு ஒரு தும்மல். தொடை வழியே சூடாக இறங்கியது. வெளிர்நீலத்தில் ஈரம் எப்படித் தெரியும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படியே செத்துப்போகலாம் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அந்த விசரி ஒரு வாளித் தண்ணீரோடு வந்து, கால் வழுக்கி, முழுவதையும் என்மேல் கொட்டினாள். வந்த ஆட்களுக்கு முன்னாலேயே அவளுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. நானும் என் பங்குக்கு ஏசினேன். தப்பியது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் பயம் கோபமாகத்தான் வெளியே வரும் எனக்கு. சில நாட்கள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

போன தவக்காலத் தொடக்கத்தில் கொம்பனி ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தது. இனி நண்டைக் கரையிலேயே கழுவி அவித்துக் கொண்டுவருவார்களாம். பாஸ்காத் திருநாள் முடிந்ததும் கழுவும் பகுதியை மூடப்போகிறார்கள். தாராபுரத்துக்காரியைச் சதை பிரிக்கும் மேசைக்குப் போட்டார்கள். மேற்பார்வை பார்க்கிற பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அன்ரி, உங்களுக்கு நிறுக்கிற அறை. ஏசி. வெள்ளைக் கோட்டு. நாள் முழுக்கக் கதிரையில இருக்கலாம். பழைய ஆள் எண்டபடியா உங்களுக்கெண்டு கேட்டு எடுத்தனான்."

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்த அறையை எனக்குத் தெரியும். துணி மெத்தை போட்ட கதிரை. நிலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது. குளிர் வேறு.

"எனக்கு வேண்டாம் பிள்ளை. நான் நிண்டே பழகினனான்."

"நிக்கிற வேலை இனி இல்லை அன்ரி. இது வேண்டாமெண்டா வீட்டதான் நிக்கவேண்டிவரும்."

வீட்டில் நிற்க எனக்கு வசதி இல்லை. வீட்டுக்காரருக்கு முழங்கால் வருத்தம். கிழமையில் பாதி நாள் கடலுக்குப் போவதில்லை. என் வேலை நின்றால் அடுப்பும் பாதி நாள்தான் எரியும். விசயத்தைக் கேட்டதும் அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"கதிரை போட்டு இருத்தினா வேண்டாமெண்டு சொன்ன ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன். உமக்கென்ன, இருக்கிற இடத்தில முள்ளோ?"

எழுந்து குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன்.

அடுத்த கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இன்று சொல்லிவிடுவது என்று வழி நெடுக மனதுக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டே போனேன். வெளிநோயாளர் பகுதியில் நல்ல சனம். உள்ளே இருந்த டொக்டர் என் மூத்த மகன் வயதுப் பெடியன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அம்மா செய்யுது?"

வாயைத் திறந்தேன். "நெஞ்செரிவு" என்று வந்தது.

காஸ்ரிக் குளிசை தந்து அனுப்பினார். அந்தக் குளிசையை இரண்டு நாள் விழுங்கவும் செய்தேன். காசில்லாமல் தந்த மருந்தை எறியக்கூடாதல்லவா. இல்லாத நெஞ்செரிவு நன்றாகவே மாறியது.

சொல்லவேண்டி வந்தது வேறுவிதமாக. மகளின் குழந்தையை நிறுக்க எங்கள் பகுதி மருத்துவிச்சி வீட்டுக்கு வந்திருந்தா. நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது தும்மல் வந்தது. கோப்பையை வைத்துவிட்டுக் காலைக் குறுக்கே போட்டு நின்றேன், பிறகு பின்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது அவ மகளை ஏதோ சாட்டுச் சொல்லி உள்ளே அனுப்பியிருந்தா.

"அம்மா, தும்மினாப் போகுதோ?"

சும்மா, சாப்பிட்டீர்களோ என்று கேட்கிற குரலில்தான் கேட்டா. நான் ஓம் என்றேன். ஓம் என்கிற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவவோடு கோபப்பட்டேன்.

"பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் வாறதுதானே. இதுக்கு என்ன செய்யச் சொல்லுறியள்?"

"வாறதுதான். அதுக்காக வச்சுக்கொண்டு இருக்கவேணுமெண்டு இல்லை. கிளினிக்குக்கு வாங்கோ. பொம்பிளை டொக்டர்தான் பாக்கிறவ."

போனேன். மறைப்புக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தார்கள். சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். கிருமி இருந்தது. தண்ணீர் குடிக்காமல் இருந்து நானே தேடிக்கொண்டது என்றார் டொக்டர். குடிக்காவிட்டால் சலம் கடுத்து, சலப்பை இன்னும் அவசரப்படுமாம். இத்தனை வருடம் நாக்கு வறள வறளக் கிடந்தது முழுக்க வீண் என்று கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கிருமிக்குக் குளிசை தந்துவிட்டு, தசைக்குப் பயிற்சி பழக்குகிற பிள்ளையிடம் அனுப்பினார்.

"சலத்தையும் காத்தையும் ஒரேயடியா அடக்கிற மாதிரி உள்ளுக்கு இழுங்கோ அம்மா. மூச்சைப் பிடிக்காதேங்கோ. வயித்தை இறுக்காதேங்கோ. இப்ப மெதுவா விடுங்கோ. முகத்தைச் சுளிக்கத் தேவையில்லை."

"இதுவோ மருந்து?"

"இதுதான். மூண்டு மாசமாவது விடாமச் செய்யவேணும். தும்மல் வாறமாதிரி இருந்தா முதலே இறுக்கிப்போட்டுத் தும்முங்கோ. சரிவராட்டி வேற வழியும் இருக்கு. முதல் இதைச் செய்வம்."

என்னிடம் மூன்று மாதம் இல்லை. பாஸ்கா வரைக்கும்தான் இருந்தது. இருந்ததை வைத்துச் செய்தேன். தொட்டியடியில் நண்டைக் கழுவிக்கொண்டே இழுத்துப் பிடித்தேன், விட்டேன். வானில் பாலம் தாண்டும்போது செய்தேன். சிலுவைப்பாதையில் முழந்தாளில் நின்றும் செய்தேன். ஆண்டவர் மன்னிப்பார். முதல் சில கிழமைகள் ஒரு வித்தியாசமும் இல்லை. இந்த வயதில் இது ஒரு கூத்து என்று விட்டுவிடப் பார்த்தேன். விடுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது இல்லாததால் தொடர்ந்து செய்தேன் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு ஒருநாள் கூடையைத் தூக்கியபோது ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் நடந்தது. அதற்கடுத்த நாள் இல்லை. அப்படித்தான் போனது.

வீட்டில் அவருக்கும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "முள்ளெண்டு பகிடி விட்டனான்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என் துணிகள் கயிற்றில் முன்னுக்குத் தொங்கின.

பாஸ்கா முடிந்தது. கழுவும் பகுதிக்குக் குழாயை நிறுத்தினார்கள். நான் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிறுக்கிற அறைக்குள் போனேன். உள்ளே பஞ்சு வைத்திருந்தேன், கைப்பையில் மாற்றுத்துணி இருந்தது. ஆனாலும் அந்தக் கதிரையில் இருக்க எனக்குக் கால் இலேசில் மடியவில்லை, நுனியில்தான் இருந்தேன். ஏசிக் குளிர் முழங்காலில் ஏறியது. தட்டில் வருகிற சதையை நிறுத்து, தள்ளிவிட்டு, அடுத்ததை எடுத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் எனக்குள் நானே கேட்டுக்கொண்டிருந்தேன்: நனைந்ததா, இல்லையா? பத்துமணித் தேத்தண்ணி வந்தது. வேண்டாம் என்றேன். தண்ணீர் குடிக்கச் சொல்லிப் படித்துப் படித்துச் சொன்னார்கள். வீட்டில் குடித்தேன். இங்கே தொண்டைக்குள் இறங்கவில்லை. பயம் சொன்னால் கேட்கிற சாமான் இல்லை.

பதினொரு மணிக்குக் கிட்ட ஒரு தும்மல் வந்தது. இறுக்கினேன். தும்மினேன். அசையாமல் இருந்தேன்.

நிமிர்ந்தபோது வாசலில் தாராபுரத்துக்காரி நின்றாள். சதைத் தட்டுக் கொண்டுவருகிறவள், இந்தமுறை தட்டு இல்லாமல் வந்திருந்தாள். கையில் குடிதண்ணீர் ஜக். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

எழும்பி வாசலடிக்குப் போனேன். "இதேன் இஞ்ச கொண்டந்தனி? உள்ளுக்குத் தண்ணி கொண்டரக்கூடாது."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "கண்ணாடியால பாத்தனான், தும்மினீங்க. இஞ்ச குழாயும் இல்லை, வாளியும் இல்லை. இதுதான் கிடைச்சது. தேவையெண்டாச் சொல்லுங்க அக்கா, தடக்கி விழுந்தமாதிரி ஊத்திவிடுறன்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"அண்டைக்குக் கொழும்பு ஆக்கள் வந்த நேரம்..."

"என்ர கால் எப்பவாவது வழுக்கினதைக் கண்டிருக்கிறீங்களோ?"

குழாய், வாளி, மழை வருது அக்கா. அத்தனை வருடமும். அவள் வாங்கிய ஏச்சில் பாதி என்னுடையது. ஏதாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. "விசரி" என்றுதான் வந்தது. அவள் பல்லைக் காட்டினாள், பிறகு ஜக்கை என் பக்கம் சரித்து, கண்ணால் கேட்டாள்.

கோட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

"நல்ல தண்ணி, ஊத்திப் பழுதாக்காத" என்று சொல்லி ஜக்கை அவள் கையிலிருந்து வாங்கினேன். அந்தக் கொம்பனிக்குள் நான் தண்ணீர் குடித்து ஒருவரும் கண்டதில்லை. அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அடி தெரியும் வரைக்கும் குடித்தேன்.