கேஸுக்குத்தான்

எங்கள் சொந்தத்தில் கேஸ் கேப்ஸ்யூலை யாரும் மருந்தாக நினைத்ததே இல்லை. கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் பீடா வரும். கூடவே யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையையும் எடுத்து நீட்டுவார்.

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு வந்த முதல் ரம்ஜான். டாக்டர் மாத்திரை நேரங்களை மாற்றிக் கொடுத்து, நோன்பு வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். இவரோ பெரிய மார்க்கெட் பக்கம் இருக்கும் கடையிலிருந்து நோன்பு திறக்க ஓடிவந்து, கஞ்சியோடு வடையும் சமோசாவுமாக வெளுத்துக் கட்டுவார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சைத் தடவிக்கொள்வார்.

"என்னங்க பண்ணுது?"

"நெஞ்சு எரியுது. கேஸுதான்."

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்றைக்கும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொன்னார். இது வடையா, இதயமா? நான் எப்படிக் கண்டேன்? மருந்துக் கடையில் வாங்கிய கேப்ஸ்யூல் ஒன்றைப் போட்டு அடங்கிவிட்டால் வடை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

பெருநாள் முடிந்து செக்கப்புக்குப் போனோம்.

"நான் எழுதினத தவிர வேற மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா பாய்?"

"இல்லிங்க டாக்டர்."

பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது மாத்திரையே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் சட்டைப் பையில் கையை விட்டு அட்டையை எடுத்து மேஜையில் போட்டேன். டாக்டர் திருப்பிப் படித்தார், முகம் மாறிவிட்டது.

"கேஸ் மாத்திரை எல்லாம் ஒண்ணு இல்ல. இது ஒமிப்ரசோல். ரத்தம் உறையாம இருக்க நான் குடுக்கற மாத்திரைய இது சரியா வேலை செய்ய விடாது. ஸ்டென்ட் அடைச்சிக்கிட்டா என்ன பண்ணுவீங்க? எரிச்சலுக்கு வேற எழுதறேன். கடையில எத வாங்கினாலும் முதல்ல கேளுங்க. எரிச்சல் நிக்காம வேர்த்துக் கொட்டினா, கேஸான்னு யோசிக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க."

போன மாதம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஆட்டோவுக்கு நின்றபோது, இவருக்கு மச்சான் முறை ஆகும் ஒருவர் அட்டையை நீட்டினார்.

"மாத்திரையெல்லாம் இல்ல மச்சான், கேஸுக்குத்தான்."

இவர் கையும் நீண்டது, பழக்க தோஷம்.

"செத்துப் போவணுமா உங்களுக்கு?"

அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். இவர் கையை மடக்கிக்கொண்டார். ஆட்டோ வந்ததும் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து டாக்டர் எழுதியதைத் தவிர எதையும் தொடுவதில்லை. சட்டை துவைக்கும்போது பையைப் பார்க்கிறேன், காலிதான். ஆனால் சாப்பிட்டதும் கை மட்டும் நெஞ்சுக்குப் போகிறது.

"எரியுதாங்க?" என்று கேட்டால் கையைக் கீழே இறக்கிவிடுகிறார்.

"ஒண்ணும் இல்லியே."

எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் எரியுது என்றாவது சொல்வார்.