பதினாறில் ஓடிய ஏசி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தென்காசியில் பதினோரு வருடமாக ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். யாராவது பேய், பிசாசு என்றால் கிண்டல் செய்தே பழக்கம். இது போன மே மாதம், பட்டப்பகலில் எனக்கே நடந்தது.

குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் ஒரு வாடகை வீடு. அபர்ணா என்ற பெண் கைக்குழந்தையோடு நின்றாள்.

“அண்ணாச்சி, ஏசி உள்ள ஐஸ் கட்டுது. அணைச்சிட்டுதான் படுக்கேன், முழிச்சுப் பாத்தா ஓடுது. பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரில கெடந்துட்டு வந்திருக்கோம். இன்னொரு தடவைன்னா தாங்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு.”

குழந்தையோடு அவளை ஹாலில் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். மணி 2.40.

ஏசி உறைந்தால் பெரும்பாலும் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் கேஸ் குறைந்திருக்கும். இங்கே ஃபில்டர் சுத்தம். கேஸும் சரி. ஆனால் காற்றைக் குளிர்விக்கிற செம்புக் குழாய்ச் சுருள், அந்தக் ‘காயில்’ முழுக்க விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் பனிக்கட்டி. இன்னொன்றும் உறுத்தியது. காயில் உறைந்தால் குளிர்காற்று வராது, அறை புழுங்கும். இந்த அறையிலோ எனக்குப் பற்கள் தந்தியடித்தன.

ரிமோட்டில் 16 இருந்தது. 25 வைத்துவிட்டு ஏணியில் ஏறினேன்.

டிக்...

பார்த்தேன். 16.

மறுபடி 25 வைத்தேன். டிக்... 16.

மெயின் சுவிட்சையே அணைத்தேன். மணி 3.05.

ஏசி ஓடிக்கொண்டே இருந்தது...

முதுகுக்குப் பின்னால், கட்டில் பக்கம், வயதான ஒரு குரல்.

“வந்துட்டியாலே?”

வீட்டுப் பெரியவர் என்று நினைத்தேன். வேலைக்குப் போன இடத்தில் பெரியவர்கள் கேட்டால், கை வேலையில் இருந்தாலும் பதில் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். திரும்பாமலே சொன்னேன்.

“வந்துட்டேன்யா.”

நீளமாக ஒரு பெருமூச்சு...

ஏசி நின்றது.

திரும்பினேன். கட்டில் காலி.

ஹாலுக்கு ஓடினேன். “வீட்டுல பெரியவங்க யாரும்மா?”

“நானும் பிள்ளையும்தான் அண்ணாச்சி.”

மறுநாள் வீட்டுச் சொந்தக்காரர் சங்கரநாராயணனைப் பார்த்துக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

“எங்க அண்ணன் அந்த ரூம்லதான் இறந்தாரு. ஒரே மகன், மிலிட்டரில இருக்கான். அன்னைக்கு எங்கயும் ஐஸ் பெட்டி கிடைக்கல. ஏசிய பதினாறுல வச்சு, ரெண்டு நாள் அங்கனயே போட்டிருந்தோம். அவனுக்கு லீவு கிடைக்கல... மகன் முகம் பாக்காமலே தூக்கிட்டோம்.”

அதற்குப் பிறகு அந்த ஏசி உறையவே இல்லை. குழந்தையும் தேறிவிட்டது. அபர்ணா போனில் நன்றி சொன்னாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. பெற்ற பிள்ளைக்காகக் காத்துக் கிடந்த மனிதரை, யாரோ ஒருவனான நான் பொய் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த மகன் அடுத்த வாரம் லீவில் வருகிறாராம். அப்பா இருந்த அறையில் ஒரு ராத்திரி படுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம்.