றுஸ்தா நிறுத்திய பட்டியல்

"மிஸ்டேக்... இட்ஸ் மை மிஸ்டேக்."

மூடியிருந்த அறைக்குள்ளிருந்து மகளின் குரல் கேட்டதும், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த முனவ்வறா நடுவழியில் நின்றுவிட்டாள். இங்கிலீஷில் அவளுக்கு விளங்கும் நாலைந்து சொற்களில் அதுவும் ஒன்று. சீனியர் பதவி தரப்போகிறார்கள் என்று மகள் சொல்லி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அல்லாஹ்வே, என்னத்தைப் பிழையாகச் செய்துவிட்டாள்?

"புள்ள ஆரோட சண்டை?" என்றார் கதிரையில் உட்கார்ந்திருந்த முகைதீன்பாவா. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கும் வட்டை விதானை அவர்; முனவ்வறாவுக்குக் காக்கா, அண்ணன் முறை. அவர் காதில் விழுந்த கதை பின்னேரத்துக்குள் கல்முனை முழுக்கப் பாய்ந்துவிடும். அவருடைய வாய்க்கால் தண்ணீர்தான் பிந்திப் போகும்.

"சண்டை இல்ல காக்கா, மீட்டிங். நீங்க குடிங்க."

றுஸ்தா ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்தவள். வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்த வருடம் கொழும்புக் கம்பனி ஒன்றில் தரவு விஞ்ஞானியாகச் சேர்ந்தாள்; இப்போது ஐந்து வருடம். ஆறு பேர் கொண்ட சின்னக் குழு. மாதத்தில் ஒரு கிழமை கொழும்பு அலுவலகம், மிச்ச நாளெல்லாம் இந்த அறைதான். "பொட்டியோட கதைக்கிறதுக்கும் சம்பளமா?" என்று சொந்தக்காரர்கள் கிண்டலடித்தபோதெல்லாம் முனவ்வறா பல்லைக் கடித்துக்கொண்டாள். மீட்டிங் நேரத்தில் அவள் கிரைண்டரைக்கூடப் போடுவதில்லை.

முந்தாநாள் விதானை ஒரு பட்டியலோடு வந்திருந்தார். பயிர் அழிந்தால் நட்டஈடு தரும் காப்புறுதிக்காகக் கொழும்பிலிருந்து வந்த பட்டியல். கடைசி வாய்க்காலில் இருக்கும் அறுபது ஏக்கருக்கும் நேரே 'செய்கை இல்லை' என்றிருந்தது.

"விதைச்சுப் பச்சையா நிக்கிற வயல் புள்ள! எந்தக் கண்ணுகெட்டவன் எழுதினான்? இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித்தா!"

பட்டியலைப் பார்த்த றுஸ்தாவின் முகம் வெளிறிப்போயிற்று. மறுநாள் ஸ்கூட்டியில் வயல் வட்டைக்குப் போனாள். முழங்கால் வரை சேற்றோடு திரும்பினாள். அதன் பிறகு ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. இன்று கடிதத்தை வாங்கிப்போக விதானை வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கதவு திறந்தது. றுஸ்தாவின் கண்கள் சிவந்திருந்தன. நேரே வந்து விதானையின் முன்னால் நின்றாள்.

"மாமா, கடிதம் தேவையில்ல. அந்தப் பட்டியல் எங்கட கம்பனி செய்தது; கணக்குப் போட்டது நான்தான்."

முனவ்வறா பதறி விதானையைப் பார்த்தாள். இவளுக்கென்ன பைத்தியமா? போயும் போயும் இவரிடமா சொல்வது!

"வானத்திலிருந்து எடுத்த படத்தில, குறிச்ச கிழமைக்குள்ள பச்சை தெரிஞ்சாத்தான் செய்கை எண்டு வச்சன். கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி மூணு கிழமை பிந்தித்தான் வரும் எண்டு நினைச்சுப் பாக்கல்ல. இஞ்ச பிறந்து வளந்த எனக்கே அது தெரியாமப் போச்சு. நாளைக்கு மத்த மாவட்டங்களுக்கும் போக இருந்த பட்டியல இப்பதான் நிறுத்தினம். உங்கட அறுபது ஏக்கரும் இந்தக் கிழமைக்குள்ள சரிவரும்."

"வேலை?" என்றாள் முனவ்வறா.

"வேலைக்கு ஒண்டுமில்ல உம்மா. எங்கட தலைவர் பவிதரன் சேர் முதல்ல முழுக் கணக்கையும் காட்டச் சொன்னார். பிறகு சொன்னார், பிழையக் கண்டுபிடிச்ச நீங்களே திருத்துற வேலையையும் பொறுப்பெடுங்க எண்டு. சீனியர் கதை மட்டும் அடுத்த வருஷம்தான்."

விதானை எழுந்தார். சிரிக்கிறாரா, கோபமா என்று முனவ்வறாவுக்குப் பிடிபடவில்லை.

"முப்பது வருஷமா எங்கட வட்டையப் பிழையா எழுதிட்டுப் போன ஆக்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தனும் சேத்துக்குள்ள இறங்கிப் பாக்கல்ல. நான்தான் எண்டு சொல்லவும் இல்ல." அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கண்ணுகெட்டவன் எண்டு ஏசினத வாபஸ் வாங்குறன் புள்ள."

"வேணாம் மாமா. அது சரியான ஏச்சுத்தான்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். வாசல் வரை பின்னாலேயே போன முனவ்வறா தாழ்ந்த குரலில், "காக்கா, இத வெளியில..." என்று இழுத்தாள்.

"சொல்லாம இருப்பனா? சந்தை முழுக்கச் சொல்லுவன். முனவ்வறாட மகள் ஒத்தையில நிண்டு கொழும்பையே நிறுத்திப்போட்டாள் எண்டு சொல்லுவன்!"

அவருடைய சைக்கிள் தெருமுனையில் திரும்பும்வரை அவள் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. உள்ளே அடுத்த மீட்டிங் தொடங்கியிருந்தது. மகளின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது.

முனவ்வறா சத்தம் வராமல் அறைக் கதவைச் சாத்தினாள்.